அழுத்தக்காரன் கல்யாணம் சொல்லப் போனான்

நான் தெருமுனையில் திரும்பியதுமே ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று தொங்குகிறது. அதற்குள் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. என் ஒரே மகள் செல்வியின் கல்யாணப் பத்திரிகை. கொற்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்காவிடம் அதைக் கொடுக்கத்தான் திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். மினி பஸ்ஸை விட்டிறங்கி வாழைத் தோட்டத்து ஓரமாக நடந்த புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த தங்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். அக்காவுக்கு எதிர்வீட்டுக்காரி. பம்பின் கைப்பிடியை அப்படியே விட்டாள். அது ஒரு தடவை உயர்ந்து நின்றது.

“ஏ இசக்கி! ஏட்டீ! ஒந் தம்பி வாரானே! செவ்வாக்கெழமையும் அதுவுமா ஒத்தையில வாரானே!”

அடுத்த மூச்சில் அது ஒப்பாரியாகிவிட்டது.

அக்கா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை. அப்படியே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

“எய்யா கணேசா! ஒன்னக் கடல் தாண்டி அனுப்புனேனே! என்னப் பெத்த அய்யா!”

கணேசன் அவள் மகன். மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். அந்த நிமிஷமும் நல்லபடியாக ஓட்டிக்கொண்டுதான் இருந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் பதற வேண்டாம். பதறுவதற்கு அந்தத் தெருவிலேயே போதுமான ஆட்கள் இருந்தார்கள்.

கல்யாணம் சொல்ல வந்தவனைப் பார்த்து ஒரு தெருவே மாரில் அடித்துக்கொள்கிறது. இதற்குக் காரணம் நான் இல்லை. சின்ன வயதிலிருந்து என் மேல் ஒட்டவைத்திருக்கும் ஒரு சொல்தான் காரணம்.

அழுத்தக்காரன்.

பாராட்டா, வசவா?

போன வாரம் இந்த இதழில் இதே பகுதியில், நான் வேலை பார்க்கும் பட்டறையில் என் கால் மேல் இரும்புச் சட்டம் விழுந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்த தெருக்காரர் ஒருவர் டீக்கடையில் என்னை நிறுத்தி, “எல்லாம் எழுதியிருக்கீரு. வலிச்சுதுன்னு ஒரு வார்த்தை எழுதலையே வே! நீரு அழுத்தக்காரருதான்” என்றார்.

வலித்தது. எழுத மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதுதான் என் வியாதி. சொல்ல வேண்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும். அப்போது கேட்க ஆள் இருக்காது.

இந்தச் சொல்லுக்கு வயதுக்கு ஒரு அர்த்தம் உண்டு. புளியமரத்திலிருந்து விழுந்து முழங்கை பெயர்ந்தபோது நான் அழவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். “எம் பிள்ளை அழுத்தக்காரன்.” அப்போது அது பாராட்டு. உண்மையில் எனக்கு அழுகை வராமல் இல்லை. அத்தனை பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது.

மீசை முளைத்த பிறகு அதே சொல் சந்தேகம் ஆகிவிட்டது. “பேசவே மாட்டேங்கான். அழுத்தக்காரப் பய. மனசுல என்ன வெச்சிருக்கானோ?” ஒன்றும் வைத்திருக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

பெண் பார்க்கப் போனபோது அது எச்சரிக்கை ஆனது. என் மனைவி ராமலட்சுமியிடம் அவள் அம்மா, “மாப்பிள்ளை கொஞ்சம் அழுத்தம் மாதிரி தெரியுது. நீதான் பாத்து நடந்துக்கிடணும்” என்று சொன்னாளாம். நான் அன்றைக்குக் கொடுத்த கேசரியை முழுங்க முடியாமல் பயந்து உட்கார்ந்திருந்தேன். வாயில் கேசரி இருந்தது. அதனால் பேசவில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு அந்தச் சொல் ஒரு உத்தியோகம் ஆகிவிட்டது.

ஒனக்கு ஒண்ணும் செய்யாது

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. பாளையங்கோட்டையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அழுவார். டிவியில் மருமகளை மாமியார் திட்டினால் அழுவார். பஸ்ஸில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தால், எழுந்து இடம் கொடுத்துவிட்டு அழுவார். “அவனுக்கு எளகின மனசு” என்பார்கள்.

இளகின மனசுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. யாரும் அவர்களிடம் வேலை சொல்வதில்லை.

சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்றால் பிடித்துக்கொள்ள நான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க நான். அம்மா போனபோது அவள் காதிலிருந்து கம்மலைக் கழற்றியதும் நான்தான். அக்காவுக்கு மயக்கம் வந்துவிட்டது. அண்ணன் சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“ஏலே ஆறுமுகம், நீ கழத்து. ஒனக்கு ஒண்ணும் செய்யாது.”

திருகு இறுகிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பையப் பையக் கழற்றினேன். காது இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ காலமாக நான் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதில்லை. ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

ஒண்ணும் செய்யாதாம்.

எல்லாவற்றுக்கும் மேலான வேலை, துட்டி சொல்லப் போவது. சாவுச் செய்தியைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சொல்கிற வேலை. இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்கும், பெண் கொடுத்த வீட்டுக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும் போனில் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “எங்கள ஒரு ஆளா மதிச்சு நேர்ல வந்து சொல்லலையே” என்று, மாலை வாங்கின பிறகும் வராமல் இருந்துவிட்டவர்கள் உண்டு.

அதனால் ஒரு ஆள் போக வேண்டும். போகிற ஆள் போன இடத்தில் விழுந்து அழுதுகொண்டிருந்தால் அடுத்த வீட்டுக்கு யார் சொல்வது? அழாத ஆள் வேண்டும். அழாத ஆள் குடும்பத்தில் ஒருவன்தான்.

பேச்சே வராத ஒருவனைப் பிடித்து, உலகத்தில் சொல்லவே முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வா என்று அனுப்புகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வண்டிக்கு ஸ்டாண்டு போடாதவன்

துட்டி சொல்லப் போகிறவனுக்குச் சில முறைகள் இருக்கின்றன. செருப்பைக் கழற்றக்கூடாது. வாசல்படி தாண்டி உள்ளே போகக்கூடாது. உட்காரக்கூடாது. எவ்வளவு வெயிலில் வந்திருந்தாலும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது. வந்தான், சொன்னான், போனான் என்று இருக்க வேண்டும்.

இத்தனையும் எனக்குத் தோதாகவே இருந்தன. கூச்சக்காரனுக்கு வாசலோடு திரும்புவது நிம்மதி.

முதலில் சைக்கிளில் போனேன். பிறகு பழைய மொபட் ஒன்று வாங்கினேன். எந்த வீட்டு வாசலிலும் நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டதில்லை. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொல்லிவிட்டுக் கிளம்புவேன். இதையும் கவனித்து வைத்திருக்கிறார்கள். “வண்டியக்கூட நிப்பாட்டலையே! பாலு ஊத்துதவன் மாதிரி சொல்லிட்டுப் போயிட்டான்.”

எத்தனையோ வீடுகள். அதில் ஒருவர்கூட, இவன் ஏன் வண்டியை விடமாட்டேன் என்கிறான் என்று யோசிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆறு குறுக்கிட்ட இடத்தில் வண்டியை நிறுத்திப் படித்துறையில் இறங்கி உட்காருவேன். காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வேன். குளிக்கிறவர்கள் சோப்பு நுரை காலைச் சுற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். பிறகுதான் வண்டி ஓட்ட முடியும். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அழுத்தக்காரனுக்குச் சாட்சியும் கிடையாது.

காலப்போக்கில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொண்டது. நான் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் வீட்டுக்காரர்களுக்கு உடம்பு பதறுகிறது. பட்டறை முதலாளி காதர் பாய் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆறுமுகம், தப்பா நெனைக்காதேயும். லீவு வேணும்னா போன்ல சொல்லும் வே. வாசல்ல வந்து நிக்காதேயும். நீரு வந்து நின்னாலே யாரோ மௌத்தாயிட்டாங்கன்னு எங்க உம்மா யாசீன் ஓத ஆரம்பிச்சிருதாவ.”

நான் அன்றைக்குப் பல்வலி என்று லீவு கேட்கப் போயிருந்தேன்.

வீட்டை ஒதுக்கு

அக்கா என்னோடு சரியாகப் பேசி ஆறேழு வருஷம் இருக்கும். அதற்கும் இந்த உத்தியோகம்தான் காரணம்.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறிவருகிறார் என்று டாக்டர் சொன்னதை நம்பி, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருகிறேன் என்று அக்கா ஊருக்குப் போனாள். அவள் போன மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. “கூடப்பொறந்தவகிட்ட நான் எப்படிலே சொல்லுவேன்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அவள் கூடப்பிறந்தவள்தான். அது அவருக்கு அப்போது ஞாபகம் இல்லை.

வேன் பின்னால் வருகிறது. நான் மொபட்டில் முன்னால் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா வாசலில் நின்றாள்.

“எக்கா, அத்தான் போயிட்டாரு. வேன் வருது. வீட்டை ஒதுக்கு.”

சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். “புருசன் செத்த சேதிய, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாம, வீட்டை ஒதுக்குங்கான். இவன் நெஞ்சு என்ன நெஞ்சு?”

கூடத்தில் வெட்டின வாழைத்தார்கள் சுவர் வரை அடுக்கிக் கிடந்தன. வேன் வந்துகொண்டிருக்கிறது. வருகிறவரை எங்கே கிடத்துவது? தெருவிலா? யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? அவள் அழுதுகொண்டிருந்தபோது அந்தத் தார்களைத் தோளில் தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். சட்டையெல்லாம் வாழைக்கறை. இன்றைக்கும் அந்தச் சட்டை வீட்டில் இருக்கிறது, கறை போகவில்லை.

இந்த நியாயம் எல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அவளிடம் ஒருநாளும் வரவில்லை.

பெண்ணுக்கு அப்பா இல்லையா?

செல்விக்குக் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகை அடித்து வந்தது. முறைப்படி அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போய் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

முதல் வீடு சேரன்மகாதேவியில், ராமலட்சுமியின் சித்தப்பா வீடு. ஆட்டோவை விட்டு இறங்கினோம். அவள் முனையில் பூ வாங்க நின்றுவிட்டாள். நான் சும்மா நிற்பானேன் என்று போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த பெரியவர் என்னைப் பார்த்தார். “யாரு?” என்றார். ‘யார் நீ’ என்று கேட்கவில்லை. யார் போனது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அலறல். ராமலட்சுமி பூவோடு ஓடிவந்து சேருவதற்குள் அவர் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ராமலட்சுமி சொன்னாள். “ஏங்க, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க வீட்டுல இருங்க. கல்யாணத்துக்கு முன்னால நாலு பேரை நாமளே அனுப்பிரப்படாது. நான் அத்தானைக் கூட்டிட்டுப் போறேன்.”

அத்தான் என்று அவள் சொன்னது என் அண்ணனை.

அவர்கள் போனார்கள். அண்ணன் ஒவ்வொரு வீட்டிலும் தட்டை நீட்டும்போது அழுதாராம். “தம்பி பொண்ணுன்னாலும் எம் மக மாதிரி” என்று சொல்லி அழுதாராம். எல்லோரும் உருகிப்போனார்களாம். ஒரு வீட்டில் ராமலட்சுமியிடம் தணிந்த குரலில், “பொண்ணுக்கு அப்பா இல்லையாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“இருக்காரு. வீட்டுல இருக்காரு” என்றாளாம் இவள்.

அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவும் மகளும் சிரித்தார்கள். நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அக்கா வீட்டில்தான் காரியம் முறிந்தது. அவள் தட்டைத் தொடவில்லை.

“துட்டி சொல்ல ஒத்தையில வரத் தெரிஞ்சவனுக்குக் கல்யாணம் சொல்ல வரத் தெரியாதோ? சாவுக்கு அவன், நல்லதுக்கு நீங்களா? எடுத்துட்டுப் போங்க.”

செல்வி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அத்தை வீட்டில்தான் கிடப்பாள். அவளுக்கு முதன்முதலில் சேலை கட்டிவிட்டது அத்தை. “அத்தை வரலேன்னா நான் மணையில உக்கார மாட்டேன்ப்பா” என்றாள். பிறகு என்னையே பார்த்தாள்.

“ஒங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லையாப்பா? அத்தை வந்தா என்ன, வராட்டா என்னன்னு இருக்கு ஒங்க மொகம்.”

ஊர் சொல்லலாம். அண்ணன் சொல்லலாம். பெற்ற பிள்ளையும் அதையே சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கி வந்து பையில் வைத்தேன். மறுநாள் காலையில் அவர்கள் எழுந்திருப்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன். மொபட் பட்டறையில் பழுது பார்க்கக் கிடந்தது.

கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை எவனும் கல்யாணம் சொல்லப் போகமாட்டான். செவ்வாய்க்கிழமை ஒருவன் தனியாக வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாவு கிழமை பார்ப்பதில்லை. அதற்கே போய்ப் போய் எனக்கும் கிழமை பார்க்கிற பழக்கம் இல்லாமல் போயிருந்தது.

தண்ணி

ஆக, அக்கா வீட்டு வாசலில் நிற்கிறேன். அவள் நிலைப்படியில் கிடந்து அழுகிறாள். தங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மூன்று பெண்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். கணேசன் சின்ன வயதில் என்னென்ன சாப்பிட்டான் என்பது வரை ஒப்பாரியில் வந்துவிட்டது.

‘இல்லை, அவனுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்ல வேண்டும். ‘செல்விக்குக் கல்யாணம்’ என்று சொல்ல வேண்டும். எவ்வளவு சின்ன வார்த்தைகள்! வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த வாசலில் நின்று நான் கடைசியாகச் சொன்ன ‘வீட்டை ஒதுக்கு’தான் நாக்கில் வந்து நின்றது. பிடித்துக்கொள்ள வண்டியும் இல்லை. கட்டைப்பை தொடையில் தட்டித் தட்டி ஆடியது.

“சொல்லித் தொலையேம்லே!” என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார். “எப்பம்? எப்படி? ஆக்சிடெண்டா? வாயத் தொறக்கானா பாரு, அழுத்தக்காரப் பய!”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒரு எரிச்சல் வந்தது பாருங்கள். அந்த எரிச்சல்தான் என்னை நகர்த்தியது. செருப்பைக் கழற்றி உதறினேன். பெண்களைச் சுற்றிக்கொண்டு படியேறி, அக்காவைத் தாண்டி, நேராக உள்ளே போனேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“எக்கா, குடிக்கத் தண்ணி தா.”

தங்கம்மாளின் ஒப்பாரி ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

அக்கா தலையைத் திருப்பினாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

“என்ன கேட்ட?”

“தண்ணி.”

“குடிப்பியா?”

“குடிப்பேன்.”

“இந்த வீட்டுல குடிப்பியா?”

“தந்தாத்தான குடிக்க முடியும்?”

“அப்பம் கணேசன்?”

“அவனுக்கென்ன? நல்லாத்தான் இருப்பான். செல்விக்குக் கல்யாணம் சொல்ல வந்தேன்.”

வந்துவிட்டது. கடைசியில் அந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் அதை யாரும் சந்தோஷமாகக் கேட்கவில்லை. அக்கா கதவோரம் கிடந்த, வாசல் பெருக்குகிற வாரியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கோட்டிக்காரப் பயலே! மூதி! செவ்வாக்கெழமை வந்து நிக்கியே, ஒனக்கு அறிவு இருக்காலே? எம் பிள்ளையக் கொல்லப் பாத்தியேலே!”

தோளில் நாலு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். தங்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, “நான் அப்பமே நெனைச்சேன், பை வெச்சிருக்கானேன்னு” என்றாள். ஒரு கூட்டத்தில் இப்படி ஒருவர் எப்படியும் இருப்பார்.

பிறகு அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கினேன். பாதி வாயில் போனது, பாதி சட்டையில் போனது. செம்பு பல்லில் இடித்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கை ஏன்லே இப்படி நடுங்குது?”

“எப்பமும் நடுங்கும்.”

“எப்பமும்னா?”

“இந்த மாதிரி வாசல்ல வந்து நிக்கும்போது.”

“அன்னைக்கு நடுங்கலையே. கல்லுக்கணக்கா நின்னியே.”

“அன்னைக்கு வண்டியப் பிடிச்சிருந்தேன்.”

செம்பை என் கையிலிருந்து வாங்கி, அவளே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் குடிக்க வைத்தாள். முந்தானையால் என் சட்டையைத் துடைத்தாள். அவள் மேல் வாழைச்சாற்று வாடை அடித்தது.

“இத அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லுததுக்கு என்ன?” என்றாள். “இம்புட்டு வருசமா சொல்லாம வெச்சிருந்திருக்கான் பாரு. ஒன்ன மாதிரி அழுத்தக்காரன் இந்த உலகத்துல உண்டாலே?”

நடுங்கியதைக் காட்டாதவரை அழுத்தக்காரன். நடுங்கியது தெரிந்த பிறகு, அதை இத்தனை நாள் சொல்லாத அழுத்தக்காரன். இந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கிற வழி எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

பத்திரிகையை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். செல்வியின் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதைத் திரும்ப என் பையிலேயே வைத்தாள்.

“செவ்வாக்கெழமை வாங்குனா வெளங்குமா? வெள்ளிக்கெழமை ராமலெச்சுமியையும் கூட்டிட்டு வந்து மொறையாச் சொல்லு. நீதான் தட்டை நீட்டணும். அவ பின்னால போய் நீ நிக்கப்படாது.”

“கல்யாணத்துக்கு வருவேல்லா?”

“வராம? எம் மருமவ கல்யாணத்துக்கு வராம நான் எங்கன போவேன்? சாப்பிட்டுட்டுப் போ. சோறு வடிச்சிருக்கு.”

புளிக்குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும். அவள் வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேசிக்கொண்டே இருந்தாள், கணேசனைப் பற்றி, வாழை விலை பற்றி, அத்தானைப் பற்றியும். நான் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

முடித்ததும் கையைக் கழுவினேன். செருப்பை மாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அடிபம்பைத் தாண்டித் தெருமுனைக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து தெரு அதிர ஒரு குரல்.

“ஏலே ஆறுமுகம்! சொல்லிட்டுப் போலே!”

அப்போதுதான் உறைத்தது. பழக்கதோஷத்தில், சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவெல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது. அவ்வளவு பேர் பார்க்க, அந்தத் தெரு முழுவதும் திரும்ப நடந்து வாசலுக்குப் போனேன்.

“போயிட்டு வாரேன், எக்கா.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“அதக் கொஞ்சம் சிரிச்ச மொகமாத்தான் சொல்லேம்லே.”

“சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.